உப்புக் காற்றில் உழைக்கும் கம்பியில்லா விசைப்பலகை: தமிழ்99 கைக்கு ஏற்ப நாமே கட்டும் முறை

பாம்பன் தீவில், வடகடலுக்கும் தென்கடலுக்கும் இடையே கிடக்கும் தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு நாள்தோறும் ஆறேழு மணி நேரம் தமிழில் தட்டச்சு செய்வது என் பிழைப்பு. கடையில் வாங்கிய விசைப்பலகைகளில் ஒன்றுகூட என்னிடம் தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலங்கள் இரண்டைத் தாண்டியதில்லை. முதலில் ஏதேனும் ஓர் எழுத்து இரட்டித்து விழும். பிறகு ஒரு வரிசை முழுவதும் ஊமையாகும். திறந்து பார்த்தால் திருகாணித் தலைகள் பழுப்புப் பொடியாக உதிரும், செம்புத் தடங்களில் பச்சைக் களிம்பு படர்ந்திருக்கும். மூன்றாவது பலகையும் இப்படிப் போன பிறகு, எனக்கான பலகையை நானே கட்டுவது என்று முடிவு செய்தேன். அப்படிக் கட்டிய முதல் பலகையும் பழுதாயிற்று. இரண்டாவது பலகை நான்காம் ஆண்டாக உழைத்துக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டுக்கும் இடையே நான் கற்றதை, தொண்டி முதல் வாலிநோக்கம் வரை இந்தக் கரையில் தமிழ் தட்டச்சு செய்யும் எவருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

தொடங்குமுன் நம் காற்றைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால், சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரைத் தானாகவே உறிஞ்சிக் கரைந்துவிடும். நம் கரையில் இரவும் விடிகாலையும் பெரும்பாலும் அந்த அளவுக்கு மேல்தான் இருக்கின்றன. கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பு இரவில் நீராகிறது, பகலில் காய்கிறது, மறுநாள் இரவில் மீண்டும் நீராகிறது. அந்த நீர் மின்சாரத்தைக் கடத்துவதால், உலோகத்தை அரிப்பதோடு நில்லாமல், அருகருகே உள்ள இரு தடங்களுக்கு இடையே மெல்லிய கசிவையும் உண்டாக்குகிறது.

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் நின்றதற்கு ஓயாத பராமரிப்பு ஒரு காரணம். 2025-இல் திறந்த புதிய பாலத்திலோ, கட்டும்போதே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் சிறப்புப் பூச்சையும் பயன்படுத்தினார்கள். கையளவு விசைப்பலகைக்கும் இந்த இரண்டும் வேண்டும். காற்றே புகாத பெட்டியாகக் கட்டிவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். விசை இறங்கி ஏற இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் உப்பும் வரும். ஆகவே வரும் உப்பை அவ்வப்போது வெளியேற்றும் வகையில், எந்த உறுப்பையும் எளிதில் கழற்றி, துடைத்து, மாற்றக்கூடியதாகக் கட்டுவதே இந்தக் கரைக்குப் பொருந்தும் முறை. கீழே நான் சொல்லும் தேர்வுகள் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்திலிருந்து வருபவை.

எவற்றைக் கொண்டு கட்டுவது

பலகையின் மூளையாக நான் பயன்படுத்துவது நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52840 என்னும் சில்லு. 64 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஆர்ம் கார்டெக்ஸ் எம்4 செயலி, 1 எம்பி ஃபிளாஷ் நினைவகம், 256 கேபி ராம், புளூடூத், யுஎஸ்பி ஆகிய அனைத்தும் அந்த ஒரே சில்லில் அடங்கியிருக்கின்றன. இந்தச் சில்லைத் தாங்கிய சிறு போர்டுகளில் நைஸ் நானோ என்பது விசைப்பலகைக்காரர்களிடையே புகழ்பெற்றது. அதே ஊசிக் கால் அமைப்பில் விலை குறைந்த சூப்பர் மினி போர்டுகளும் கிடைக்கின்றன. சீட் நிறுவனத்தின் ஷியாவ் இன்னும் சிறியது, ஆனால் அதில் 11 ஊசிக் கால்களே விசைகளுக்குக் கிடைக்கும். இரண்டு துண்டாகப் பிரிந்த பலகையைக் கட்டுவதால், துண்டுக்கு ஒன்றாக இரண்டு போர்டுகள் தேவை. மூன்றாவது ஒன்றையும் சேர்த்து வாங்கிவைப்பது என் வழக்கம்.

இந்தச் சில்லில் ஓடப்போகும் ஃபர்ம்வேர், அதாவது தட்டல்களைப் படித்துக் கணினிக்கு அனுப்பும் உள்மென்பொருள், இசட்எம்கே. செஃபிர் என்னும் திறந்த மூல இயங்குதளத்தின் மேல், எம்ஐடி உரிமத்தில், 2020 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் மென்பொருள் இது. கியூஎம்கே என்னும் பழைய ஃபர்ம்வேரைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கம்பி வழியாக இயங்கும் பலகைக்கு அது மிகச் சிறந்தது. பேட்டரியில் வாரக்கணக்கில் ஓட வேண்டிய புளூடூத் பலகைக்கு இசட்எம்கேயைத் தேர்வதே சரி, ஏனெனில் அது தொடக்கம் முதலே குறைந்த மின்செலவைக் குறிக்கோளாகக் கொண்டு எழுதப்பட்டது.

சர்க்யூட் போர்டுக்குக் கார்ன் எனப்படும் திறந்த வடிவமைப்பைப் பரிந்துரைக்கிறேன். துண்டுக்கு 21 விசைகள், மொத்தம் 42. மூன்று வரிசை, ஆறு நெடுவரிசை, பெருவிரலுக்கு மூன்று. இதில் கவனிக்க வேண்டியது பதிப்பு எண். நான்காம் பதிப்பில் கம்பிவழி இயங்கும் வேறொரு சில்லைப் போர்டிலேயே பதித்துவிட்டார்கள். அதைக் கம்பியில்லாப் பலகையாக மாற்ற முடியாது. மைக்ரோகண்ட்ரோலரை, அதாவது சில்லைத் தாங்கிய சிறு போர்டை, தனியே செருகும் மூன்றாம் பதிப்பின் கோப்புகளை எடுத்து, சர்க்யூட் போர்டு அச்சிடும் நிறுவனத்திடம் கொடுங்கள். கொடுக்கும்போது தடங்களுக்கு ஈயப் பூச்சுக்குப் பதிலாக நிக்கல்–தங்கப் பூச்சைக் கேளுங்கள். கூடுதலாகும் தொகையை விடக் கிடைக்கும் ஆயுள் அதிகம்.

என் முதல் பலகையைப் போர்டே இல்லாமல், மரத்தட்டில் ஸ்விட்சுகளைப் பொருத்திக் கம்பியால் இணைத்துக் கட்டினேன். கற்றுக்கொள்ள அது நல்ல வழிதான். ஆனால் நான் பயன்படுத்திய சாதாரணச் செம்பு இழைக் கம்பியில் உப்பு நீர் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஏறி, வெளியே பளபளவென்று இருந்த கம்பி உள்ளே கரிக்கட்டையாகியிருந்தது. உறையைச் சீவிச் சீவி மேலே போனேன். நாலு விரற்கடை வரை கறுப்புதான். கம்பியால்தான் கட்டுவேன் என்பவர்கள், படகுகளுக்குப் பயன்படுத்தும் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியைத் தேடி வாங்குங்கள்.

ஸ்விட்சுகளில் கெயில் நிறுவனத்தின் பாக்ஸ் வகை நம் காற்றுக்குப் பொருத்தம். அதன் மின்தொடுகை ஒரு சிறு பெட்டிக்குள் மூடப்பட்டிருக்கிறது. அதைப் போர்டில் நேரே பற்றவைக்காமல் ஹாட்ஸ்வாப் சாக்கெட்டுகளில் செருகினால், கெட்டுப்போன ஒன்றை மட்டும் பிடுங்கி மாற்றலாம். இவற்றோடு 1என்4148 டயோடுகள் 42, துண்டுக்கு ஒரு சிறிய ஆன் ஆஃப் ஸ்விட்சு, ஒரு ரீசெட் பொத்தான், மைக்ரோகண்ட்ரோலரைச் செருகும் சாக்கெட்டு வரிசை ஆகியவை வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் சில்லறை உறுப்புகளும் கருவிகளும் கிடைக்கும். மற்றவற்றை இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். திருகாணிகளை மட்டும் இணையத்தில் தேட வேண்டாம். படகு எஞ்சின் உதிரிகள் விற்கும் கடையில் 316 தரத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி உண்டா என்று கேளுங்கள். அந்தத் தரத்தில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை அது 304 தரத்தை விட நன்றாகத் தாங்கும். சாதாரண இரும்புத் திருகாணியைப் பித்தளைத் தாங்கியில் முடுக்கினால் இரண்டு உலோகங்களும் உப்பு நீரும் சேர்ந்து ஒரு மின்கலமாகி, இரும்பைத் தின்றுவிடும்.

பேட்டரி 3.7 வோல்ட் லித்தியம் பாலிமர் செல். நைஸ் நானோ இயல்பாக 100 மில்லி ஆம்பியரில் சார்ஜ் செய்வதால், செல்லின் கொள்ளளவு 100 மில்லி ஆம்பியர் மணிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 301230 என்று குறிக்கப்படும் 110 மில்லி ஆம்பியர் மணிச் செல் மைக்ரோகண்ட்ரோலருக்கு அடியிலேயே அடங்கும். இடமிருந்தால் பெரியதை வையுங்கள்.

தமிழ்99-ஐ 42 விசைகளுக்குள் அடுக்குதல்

விசைப்பலகை எழுத்துகளை அனுப்புவதில்லை. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்னும் எண்ணை மட்டுமே அது அனுப்புகிறது; அதைத் தமிழாக மாற்றுவது கணினி. ஆகவே கணினியில் தமிழ்99 உள்ளீட்டை இயக்கிவைத்து, ஆங்கிலப் பலகையில் எந்த இடத்தில் எந்தத் தமிழ் எழுத்து இருக்கிறதோ அந்த இடத்தின் எண்ணை நம் பலகை அனுப்பும்படி அமைத்தால் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தமிழ்99 கிடைக்கிறது.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு அறிவித்த இந்த அமைப்பு, உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களில் பெரும்பாலானவற்றை வலக்கைக்கும் கொடுத்தது. சிறிய பலகைகளை வடிவமைத்தவர்கள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்தே வடிவமைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. வலப்பக்க ஓரத்து அடைப்புக்குறி விசைகளை அவர்கள் அரிதாகவே தொடுவார்கள். நமக்கோ அந்த ஓரத்தில்தான் ச, ஞ, ய ஆகியவை இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் 42 விசை அமைப்பை அப்படியே போட்டுக்கொண்டால், ஒவ்வொரு 'ச'வுக்கும் வேறொரு விசையைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டியிருக்கும். ஒரு பக்கம் தட்டச்சு செய்வதற்குள் கை அலுத்துவிடும்.

நான் எண்ணிப் பார்த்தேன். தமிழ்99-இல் வலக்கை விசைகள், காற்புள்ளி முற்றுப்புள்ளி உட்பட, சரியாக 18. கார்ன் பலகையின் வலத் துண்டில் பெருவிரலை நீக்கினால் இருப்பதும் 18. அந்தப் பொருத்தத்தைக் கண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. மேல் வரிசையில் ள, ற, ன, ட, ண, ச; நடு வரிசையில் க, ப, ம, த, ந, ய; கீழ் வரிசையில் ல, ர, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, ழ, கடைசி மூலையில் ஞ. இடம் மாறியது 'ஞ' ஒன்றே. மற்ற எல்லாம் விரலுக்குப் பழகிய இடத்திலேயே இருக்கின்றன. இடத் துண்டில் ஆ, ஈ, ஊ, ஐ, ஏ; அ, இ, உ, புள்ளி, எ; ஔ, ஓ, ஒ, வ, ங என்று 15 விசைகள் இயல்பாக அமைந்துவிடும். மிஞ்சும் ஓர நெடுவரிசையில் டேப், கன்ட்ரோல், எஸ்கேப்.

இவ்வாறு செய்ததில் வலப்பக்கம் பேக்ஸ்பேஸுக்கும் என்டருக்கும் இடமில்லாமல் போகிறது. அவை பெருவிரலுக்கு வரட்டும். இடப் பெருவிரலுக்கு எண் லேயர் (பிடித்திருக்கும் வரை மற்ற விசைகளை எண்களாக்கும் விசை), பேக்ஸ்பேஸ், ஸ்பேஸ். வலப் பெருவிரலுக்கு ஷிஃப்ட், என்டர், குறியீட்டு லேயர். ஷிஃப்டை வலப்பக்கம் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ ஆகிய கிரந்த எழுத்துகளும் ஆய்தமும் ஷிஃப்டோடு இடக்கை விசைகளில்தான் கிடைக்கின்றன. எதிர்க்கையின் பெருவிரல் ஷிஃப்டை அழுத்தினால் இடக்கை நகர வேண்டியதில்லை. அதை ஒட்டும் விசையாக அமைத்தால் இன்னும் நல்லது. ஒரு முறை தட்டிவிட்டால் அடுத்த ஓர் எழுத்துக்கு மட்டும் ஷிஃப்ட் பொருந்தும், பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அடுத்து ஓர் எச்சரிக்கை. நடு வரிசை விசைகளைத் தட்டினால் எழுத்தாகவும், பிடித்தால் ஆல்ட், கன்ட்ரோல், ஷிஃப்டாகவும் வேலை செய்யும்படி அமைப்பது ஆங்கிலத்தில் தட்டச்சு செய்பவர்களிடையே பரவலான வழக்கம். தமிழ்99-க்கு அது ஆகாது. நமக்கு இடக்கை நடு வரிசையில் இருப்பவை அ, இ, உ, புள்ளி, எ. தமிழில் இவற்றைத் தொடாத சொல் அரிது. 'கிழக்கு' என்று எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகத் தட்டுபவரின் இடக்கை 'இ'யை விடுவதற்குள் வலக்கை 'ழ'வை அழுத்திவிடும். இசட்எம்கேயின் இயல்பான அமைப்பு, ஒரு விசை இறங்கியிருக்கும்போது வேறொன்று அழுத்தப்பட்டால் முதலாவதைப் பிடித்ததாகவே கொள்ளும். 'இ' ஆல்ட் ஆகிவிடும், சொல் சிதையும், சில வேளை திரையில் ஏதோ ஒரு மெனு திறந்துகொள்ளும். பிடிப்பதற்கான காலத்தை இயல்பான 200 மில்லி நொடியிலிருந்து கூட்டலாம், முந்தைய தட்டலுக்குப் பின் சற்று ஓய்வு இருந்தால் மட்டுமே பிடித்ததாகக் கொள்ளும்படி அமைக்கலாம். இரண்டையும் ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், இடக்கை நடு வரிசையை வெறும் எழுத்துகளுக்கே விட்டுவிடுங்கள்.

'மண்டபம்' என்ற சொல்லைத் தட்டிப் பாருங்கள்: ம, ண, ட, ப, ம, கடைசியில் ஒரு புள்ளி. 'ண'வுக்கும் 'ட'வுக்கும் இடையே புள்ளியைத் தமிழ்99 தானே இட்டுக்கொள்ளும். ஆறு தட்டல்களில் ஐந்து வலக்கைக்கு. நம் மொழியில் வலக்கைதான் மிகுதியாக உழைக்கிறது. ஆகவே வலத் துண்டுக்கு மட்டும் சற்று இலகுவான ஸ்பிரிங் உள்ள ஸ்விட்சுகளைப் போட்டேன். மாலையில் விரல் மூட்டுகளில் வரும் வலி கண்கூடாகக் குறைந்தது. விசை மூடிகளில் தமிழ் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், வியர்வையில் உரிந்துவிடும். மேடுள்ள மூடிகள் புள்ளிக்கும் 'ப'வுக்கும் வருகின்றனவா என்று மட்டும் பாருங்கள். அவைதான் சுட்டுவிரல்களின் வீடு.

பற்றவைத்தல்

வெள்ளீயமும் ஈயமும் 63/37 விகிதத்தில் கலந்த பற்றவைப்புக் கம்பி 183 டிகிரியில் உருகும். சால்டரிங் அயர்னை 320 முதல் 350 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டயோடுகள். ஒவ்வொன்றிலும் உள்ள கோடு போர்டில் குறித்திருக்கும் திசையிலேயே இருக்க வேண்டும். ஒன்று திரும்பினாலும் அந்த விசை பேசாது. டயோடு இல்லாவிட்டால், மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது அழுத்தாத நான்காவது எழுத்தும் விழக்கூடும். மின்சாரம் எதிர்த்திசையில் சுற்றிவருவதைத் தடுப்பதே அதன் வேலை. பிறகு ஹாட்ஸ்வாப் சாக்கெட்டுகள், ரீசெட் பொத்தான், ஆன் ஆஃப் ஸ்விட்சு. மைக்ரோகண்ட்ரோலரை ஒருபோதும் நேரே பற்றவைக்காதீர்கள், சாக்கெட்டில் செருகுங்கள். இரண்டு துண்டுகளையும் கம்பியால் இணைக்கும் ஜாக்கை விட்டுவிடலாம், சிறு திரையும் விளக்குகளும் வேண்டாம். அவை பேட்டரியைக் குடிக்கும், உப்புக்கு மேலும் சில வாசல்களைத் திறக்கும்.

பேட்டரியை இணைக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். சிவப்புக் கம்பிதான் நேர்முனை என்று கண்ணால் கண்டு நம்ப வேண்டாம். இணைப்பானில் முனைகள் மாறி வந்த செல்களை நானே பார்த்திருக்கிறேன். முனை மாறி இணைத்தால் மைக்ரோகண்ட்ரோலர் அந்தக் கணமே பாழாகலாம்.

பற்றவைத்து முடித்ததும் பலரும் தவிர்க்கும் ஒரு வேலையை இந்தக் கரையில் இருப்பவர்கள் தவிர்க்கவே கூடாது. என் முதல் பலகையில், மார்கழி விடிகாலையில் வேலையைத் தொடங்கினால் யாரும் தொடாமலே 'ற' வரிசையாக விழும்; பத்து மணிக்கு வெயில் ஏறியதும் நின்றுவிடும். ஃபர்ம்வேரில்தான் பிழை என்று மூன்று வாரம் தேடினேன். கடைசியில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, டயோடின் காலடியில் பற்றவைக்கும்போது தங்கிய ஃபிளக்ஸ் என்னும் பற்றவைப்புப் பிசின், பனை வெல்லப் பாகு காய்ந்தது போல் பழுப்பாக ஒட்டியிருந்தது; அதன் மேல் உப்பு படிந்து, இரவின் ஈரத்தில் அது ஒரு கடத்தியாகியிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்ததும் அந்தத் தொல்லை அன்றோடு நின்றது. விடிகாலையில் வந்து வெயிலில் மறையும் எந்தக் கோளாறுக்கும் முதலில் இதையே ஐயப்படுங்கள். பற்றவைத்த அன்றே இருமுறை தேய்த்துக் கழுவி, வெயிலில் அல்லாமல் நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள்.

ஃபர்ம்வேரை ஏற்றுதல்

இதற்குக் கணினியில் எதையும் நிறுவத் தேவையில்லை. கிட்ஹப் என்னும் மென்பொருள் பகிர்வுத் தளத்தில் ஒரு கணக்கைத் தொடங்கி, இசட்எம்கே தரும் மாதிரிக் கோப்புக் கிடங்கிலிருந்து உங்களுக்கான கிடங்கை உருவாக்குங்கள். அதில் மூன்று கோப்புகள் நமக்கு முக்கியம். பில்ட் கோப்பில் உங்கள் மைக்ரோகண்ட்ரோலரின் பெயரையும், கார்ன் இடது, கார்ன் வலது என்னும் இரு துண்டுகளின் பெயர்களையும் எழுத வேண்டும். இசட்எம்கே ஆவணங்களின் வன்பொருள் பட்டியலில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். செட்டிங்ஸ் ரீசெட் என்னும் துப்புரவு ஃபர்ம்வேரையும் அதே கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கீமேப் கோப்பில் மேலே சொன்ன விசை அடுக்கும், கான்ஃபிக் கோப்பில் பொதுவான அமைப்புகளும் வரும்.

கோப்பைச் சேமித்ததும் கிட்ஹப்பின் கணினியே ஃபர்ம்வேரைத் தொகுத்து, ஒரு ஜிப் கோப்பாகத் தரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிழை என்று வந்தால், அடைப்புக்குறி அல்லது அரைப்புள்ளி விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொகுத்த ஃபர்ம்வேரை ஏற்ற, ஒரு துண்டை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, ரீசெட் பொத்தானை அடுத்தடுத்து இருமுறை தட்டுங்கள். பென் டிரைவ் போல ஒரு டிரைவ் திரையில் தோன்றும். அந்தத் துண்டுக்குரிய யுஎஃப்2 கோப்பை அதில் இழுத்துப் போட்டால், அது தானே எழுதிக்கொண்டு மறைந்துவிடும். அடுத்த துண்டுக்கும் இதே போல.

கம்பியில்லாப் பலகையில் ஒரு துண்டு தலைமை, மற்றது துணை. துணைத் துண்டு தன் தட்டல்களைத் தலைமைத் துண்டுக்கு அனுப்ப, அதுதான் கணினியோடு பேசுகிறது. இடத் துண்டே வழக்கமாகத் தலைமை. இதனால் விளைவது இரண்டு: தலைமைத் துண்டின் பேட்டரி விரைவில் தீரும், ஆகவே பெரிய செல்லை அதற்கே கொடுங்கள்; விசை அடுக்கை மாற்றும்போது தலைமைத் துண்டில் மட்டும் ஃபர்ம்வேரை மாற்றினால் போதும். துண்டுகள் ஒன்றையொன்று அறியாமல் நின்றால், இரண்டிலும் செட்டிங்ஸ் ரீசெட் ஃபர்ம்வேரை ஏற்றி, பிறகு அவற்றுக்குரிய ஃபர்ம்வேரை மீண்டும் ஏற்றி, இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்குங்கள்.

கான்ஃபிக் கோப்பில் உறக்கத்தை இயக்கும் வரியைச் சேர்த்தால், 15 நிமிடம் தொடாமலிருக்கும் பலகை ஆழ்ந்து உறங்கிவிடும். துண்டுக்கு ஒரு விசையைத் தட்டினால் விழிக்கும். துண்டுகளுக்கு இடையே தொடர்பு அறுந்து அறுந்து வந்தால், அலைபரப்பு ஆற்றலை 8 டிபிஎம் அளவுக்கு உயர்த்தும் வரி உண்டு. விசை இரட்டித்து விழுவதைத் தடுக்கும் டிபவுன்ஸ் காலம் இயல்பாக 5 மில்லி நொடி. பழைய ஸ்விட்சுக்காக அதை 10 ஆக்கலாம். ஆனால் அது நோயைத் தள்ளிப்போடும் மாத்திரைதான், அந்த ஸ்விட்சை மாற்றுவதே மருந்து.

இயல்பாக ஐந்து கருவிகளோடு இந்தப் பலகை இணைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும். எந்தக் கருவிக்கு என்று தேர்ந்தெடுக்கும் விசைகளை எண் லேயரில் வையுங்கள். மின்சாரம் போய்க் கணினி அணைந்த வேளையில், ஒரு தட்டலில் கைப்பேசிக்கு மாறி வேலையைத் தொடர முடிகிறது. இணைப்பு கெட்டுப்போனால், பலகையில் அழிப்பதோடு கணினியின் புளூடூத் பட்டியலிலும் பலகையின் பெயரை நீக்கிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் அழித்தால் இணையாது.

பூச்சும் பெட்டியும்

எல்லா விசைகளும் சரியாக எழுதுகின்றன என்று உறுதிசெய்த பிறகே பூச்சு. சர்க்யூட் போர்டுகளுக்கான அக்ரிலிக் காப்புப் பூச்சு ஸ்பிரேயாகக் கிடைக்கிறது. ஸ்விட்சுகளையும் மைக்ரோகண்ட்ரோலரையும் கழற்றிவிட்டு, சாக்கெட் வாய்கள், ரீசெட் பொத்தான், ஆன் ஆஃப் ஸ்விட்சு ஆகியவற்றை நாடாவால் மூடி, இரண்டு மெல்லிய பூச்சு கொடுங்கள். தடிமனாக ஒரே முறை அடித்தால் உள்ளே குமிழி நின்று, அங்கேதான் அரிப்பு தொடங்கும். மழைநாளில் அடிக்காதீர்கள், ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுவீர்கள்.

பெட்டி உலோகமாக இருந்தால் புளூடூத் அலையை அது மறைத்துவிடும். முப்பரிமாண அச்சில் எடுப்பதானால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், அது ஏறத்தாழ 60 டிகிரியில் இளகும்; பிஇடிஜி நல்லது. என்னுடையதைப் பூவரசம் பலகையில் செய்துதந்தவர் பாம்பனில் வத்தை என்னும் படகைக் கட்டும் முதிய ஓடாவி (படகுத் தச்சர்) ஒருவர். எந்தப் பக்கமும் இடைவெளியே இல்லாத பெட்டி வேண்டும் என்று வரைபடத்தோடு போய் நின்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்ணி உள்ள வரத்தான் செய்யும் தம்பி, அது வெளிய போறதுக்கு வழி எங்க வச்சிருக்க?" என்று கேட்டார். "மூடியே இருந்தா வராதேண்ணே" என்றேன். "படகுலயே வருது" என்று சொல்லிவிட்டு, அடிப்பலகையின் இரு முனைகளிலும் சிறு பிளவுகளைப் போட்டுக் கொடுத்தார். இன்று அந்தப் பிளவுகள் வழியாகத்தான் பலகைக்குள் காற்று நடமாடி ஈரம் காய்கிறது. அடிப்பலகையை நான்கே திருகாணிகளில் நிறுத்துங்கள். பசை எங்கும் வேண்டாம்.

இரவில் பலகையைத் திறந்து வைக்காமல், இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிடுங்கள். அணைத்துவிட்டு வைப்பது நல்லது, டப்பாவுக்குள் விசை அழுந்தினால் பேட்டரி வீணாகும். தகரக் கூரையின் கீழோ ஜன்னல் வெயிலிலோ சார்ஜ் செய்யக் கூடாது. 45 டிகிரிக்கு மேல் இந்தச் செல்களைச் சார்ஜ் செய்வது ஆபத்து.

ஆண்டுக்கு இருமுறை, கச்சான் ஓய்ந்த புரட்டாசியிலும் மழை ஓய்ந்த தையிலும், பலகையை முழுவதுமாகப் பிரிக்கிறேன். முதலில் ஆன் ஆஃப் ஸ்விட்சை அணைத்து, பேட்டரியைக் கழற்றி எட்ட வைக்க வேண்டும். மூடிகளைச் சோப்பு நீரில் ஊறப்போட்டு, ஸ்விட்சுகளைப் பிடுங்கி, அவற்றின் ஊசிக் கால்களை ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்கிறேன்; பச்சை படிந்த கால் எதுவானாலும் அந்த ஸ்விட்சு மாற்றப்படும். போர்டில் பூச்சு உரிந்த இடம் தெரிந்தால், தேய்த்துக் கழுவி, காய்ந்த பின் அந்த இடத்துக்கு மட்டும் மறுபூச்சு. மூடும் முன் பேட்டரியைக் கையில் எடுத்து, சமதளமான மேசை மேல் வைத்துப் பாருங்கள். தட்டையாகப் படியாமல் நடுவில் உப்பி ஆடினால், எத்தனை நாள் ஓடிய செல்லானாலும் அதைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். புதிய செல்லின் முனைகளை மல்டிமீட்டரில் பார்த்து இணைத்த பிறகே அடிப்பலகையைத் திருகுங்கள்.